இணையவழிச் சதுரங்கம்: ஒரு கற்றுக்குட்டியின் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

முன்னுரை

அறுபத்து நான்கு கட்டங்கள், முப்பத்திரண்டு காய்கள், இரண்டே ஆட்கள். சதுரங்கம் என்பது இவ்வளவுதான். ஆயினும் நூற்றாண்டுகள் பல கடந்தும் இந்த ஆட்டம் தீர்ந்துபோகவில்லை. அரண்மனையில் ஆடப்பட்டது, கோயில் மண்டபத்தில் ஆடப்பட்டது, திண்ணையில் ஆடப்பட்டது. இன்று செல்போன் கண்ணாடியின்மேல் ஆடப்படுகிறது. ஒரகடம் சந்திப்பில் கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நிற்கும் தொழிலாளி ஒருவர், முன்பின் அறியாத அயல்நாட்டார் ஒருவரோடு பத்து நிமிடத்தில் ஓர் ஆட்டம் ஆடி முடித்துவிட்டு வண்டி ஏறுகிறார். இதனை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்தத் தொழிலாளி வேறு யாருமல்லர். ஓராண்டுக்கு முன்வரை நானேதான்.

மாணவ நண்பர்களே! இக்கட்டுரை சதுரங்க மேதைகளுக்காக எழுதப்பட்டதன்று. என்னைப் போன்ற கற்றுக்குட்டிகள் இணையவழிப் போட்டி ஒன்றில் இறங்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவை நான்கு. அவை கடிகாரம், புள்ளிக் கணக்கு, தரக் கணக்கு, நேர்மை என்பன. முதல் மூன்றையும் ஏட்டில் படித்து அறியலாம். நான்காவதை நான் அறிந்துகொண்ட விதம் சற்றே வெட்கத்துக்குரியது. அதனையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆட்டத்தின் வரலாறு

'சதுரங்கம்' என்னும் வடசொல்லுக்கு நான்கு உறுப்புகள் என்று பொருள். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையே அந்த நான்கு உறுப்புகள். இந்தியாவில் பிறந்த இந்த ஆட்டம் பாரசீகம் சென்று 'சத்ரங்' ஆயிற்று. அரபியரிடம் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. பின்பு ஐரோப்பாவை அடைந்தது. அரசருக்கு அருகில் நின்ற அமைச்சர் அங்கே அரசியாக மாறினார். ஒரு கட்டமே நகர்ந்துகொண்டிருந்த அந்தக் காய், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பலகை முழுவதும் பாயும் வலிமையைப் பெற்றது. நாம் 'செக்மேட்' என்று சொல்கிறோமே, அதுவும் 'ஷா மாத்' என்னும் பழைய சொற்றொடரின் திரிபே.

நம் தமிழகத்திற்கும் இந்த ஆட்டத்திற்கும் உள்ள உறவு பெரிது. நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள திருப்பூவனூரில் சிவபெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே பெயர். அரசகுமாரியோடு இறைவன் சதுரங்கம் ஆடி வென்றான் என்பது அத்தலத்தின் புராணம். அண்மைக்கால வரலாற்றைப் பார்ப்போமானால், 1961ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர் மானுவேல் ஆரோன். 1972இல் அவர் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் சதுரங்க மன்றத்தில் பயின்ற சிறுவன் ஒருவன், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனான். அவர்தாம் விசுவநாதன் ஆனந்த். 2024 டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில் பதினான்காவது ஆட்டத்தில் சீனத்து டிங் லிரனை வென்று, பதினெட்டு வயதில் உலகப் பட்டம் சூடினார் சென்னை இளைஞர் குகேஷ். பதினான்கு ஆட்டங்களின் முடிவில் கணக்கு 7½–6½. உலக வாகையர் இருவரை வளர்த்த நகரம் சென்னை என்று நாம் பெருமை கொள்வதில் தவறில்லை.

ஸ்பார்க் பிளக் ராஜா

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் இடமே ஒரகடம். என் தாத்தா காலத்தில் இது ஏரிப் பாசனப் பூமி. இன்று சிப்காட் தொழிற்பூங்கா. 2010இல் ரெனோ–நிஸ்ஸான் கார்த் தொழிற்சாலையும், 2012இல் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. எங்கள் ஊரில் பொழுது விடிவதைக் கோழி கூவி அறிவதில்லை. முதல் ஷிப்டு பேருந்தின் ஆரன் ஒலித்தே அறிகிறோம்.

என் தந்தையார் ஒரு தொழிற்சாலையின் வாயிலில் காவலர். தாயார் ஒரு கேண்டீனில் காய்கறி நறுக்குபவர். அக்காள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு அசெம்பிளி லைன் வேலைக்குச் சென்றுவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான்.

2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் நாற்பத்து நான்காவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்ததை யாவரும் அறிவர். சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். வேட்டி கட்டிய 'தம்பி' என்னும் குதிரைச் சின்னம் பேருந்துகளில் எல்லாம் சிரித்தது. அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒரு வாரம் மதிய உணவு வேளையில் எங்களுக்குக் காய் நகர்த்தக் கற்றுத் தந்தார். வீட்டில் பலகை இல்லை. அட்டைப் பெட்டியின் மூடியில் கட்டம் வரைந்தேன். சித்தப்பாவின் இருசக்கர வாகன மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட பொருள்கள் காய்கள் ஆயின. சிப்பாய்க்கு வாஷர், யானைக்குப் பெரிய நட்டு, மந்திரிக்கு போல்ட்டு, குதிரைக்கு வளைந்த ஆணி, ராணிக்குப் பித்தளைப் புஷ், ராஜாவுக்கு ஸ்பார்க் பிளக். ஒரு தரப்புக்கு வெள்ளைப் பெயிண்டு அடித்துக்கொண்டேன். அந்த ராஜா இன்றும் என் மேசைமேல் நிற்கிறார்.

பள்ளி முடிந்தபின் ஓராண்டு நானும் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்தேன். இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பேருந்தில் எல்லோரும் உறங்குவர். எனக்கு உறக்கம் வராது. அக்காள் தன் சம்பளத்தில் வாங்கித் தந்த செல்போனில் ஆடுவேன். பக்கத்து இருக்கையில் ஜார்க்கண்டு மாநிலத்துத் தோழர் ஒருவர் அமர்வார். நாம் மந்திரி என்னும் காயை அவர் 'ஊண்ட்', அதாவது ஒட்டகம், என்பார். யானையை இருவரும் யானை என்றே சொன்னோம். எனக்கு இந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் ஓராண்டில் நாங்கள் ஆடிய ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை.

இணையவழி ஆட்டம் வளர்ந்த கதை

கணினி வலைவழியாக மக்கள் சதுரங்கம் ஆடத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1999ஆம் ஆண்டு காஸ்பரோவ் ஒருபுறமும் உலகம் மறுபுறமுமாக ஓர் ஆட்டம் நடந்தது. எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாக்களித்து ஒவ்வொரு நகர்த்தலையும் முடிவு செய்தனர். அறுபத்திரண்டாவது நகர்த்தலோடு காஸ்பரோவே வென்றார். 2007இல் செஸ் டாட் காம் என்னும் தளம் தோன்றியது. 2010இல் திபோ துப்லெஸ்ஸி என்னும் பிரெஞ்சு நிரலாளர் லீசெஸ் தளத்தைத் தொடங்கினார். இதில் கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. ஏழை மாணவனுக்கு இதைவிட நல்ல சதுரங்க மன்றம் வேறு ஏது?

கொரோனா நோய்க்காலத்தில் மண்டபங்கள் மூடப்பட்டபோது இணையவழி ஆட்டம் பன்மடங்கு பெருகியது. 2020இல் சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே, ஒலிம்பியாடையே இணையவழியில் நடத்திற்று. 2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்னும் இணையவழிப் போட்டியில், பதினாறு வயதுப் பிரக்ஞானந்தா அந்நாளைய உலக வாகையர் கார்ல்சனைக் கறுப்புக் காய்களோடு ஆடி முப்பத்தொன்பது நகர்த்தல்களில் வென்றார். இங்கே நள்ளிரவு தாண்டிய நேரம் அது.

கடிகாரத்தின் கணக்கு

இணையவழிப் போட்டியில் முதல் எதிரி கடிகாரமே ஆகும். '5+0' என்றால் ஒவ்வொருவருக்கும் முழு ஆட்டத்துக்கும் ஐந்து நிமிடம். '3+2' என்றால் மூன்று நிமிடத்தோடு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நொடி கூடுதலாகக் கிடைக்கும். நொடி கூட்டும் இந்தக் கடிகார முறையை வகுத்துக் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் பாபி ஃபிஷர். நாற்பது நகர்த்தல் நீளும் 3+2 ஆட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 180 + (40 × 2) = 260 நொடி. 5+0 ஆட்டத்திலோ 300 நொடி. ஆனால் ஆட்டம் அறுபது நகர்த்தலைத் தாண்டினால் 3+2 ஆட்டமே அதிக நேரம் தரும். இறுதியாட்டத்தில் தடுமாறுகிறவர்கள் நொடி கூட்டும் ஆட்டத்தைத் தேர்ந்துகொள்வது நலம்.

இணைய இணைப்பில் ஏற்படும் சிறு தாமதத்தைத் தளமே ஓரளவு ஈடு செய்துவிடும். இணைப்பு முற்றிலும் அறுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இது கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நேரும் துன்பம் என்று எண்ண வேண்டாம். 2020 ஆகஸ்டு 30ஆம் நாள் இணையவழி ஒலிம்பியாடின் இறுதிப் போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. முதல் சுற்றின் ஆறு ஆட்டங்களும் சமன். இரண்டாம் சுற்றில் உலகளாவிய இணையக் கோளாறு ஒன்றால் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இருவரின் இணைப்பும் அறுந்து, நேரம் தீர்ந்தது. இந்தியா முறையிட்டது. ஃபிடே தலைவர் துவார்கோவிச் இரு நாடுகளுக்கும் தங்கத்தைப் பகிர்ந்தளித்தார். ஆதலின் ஆடத் தொடங்குமுன் மின்கலத்தில் மின்னூட்டமும், அன்றைய டேட்டாவில் மிச்சமும் உண்டா என்று பார்த்துக்கொள்வது அவசியம். சதுரங்கம் மிகக் குறைந்த டேட்டாவையே உண்ணும். ஆனால் அந்தக் குறைந்த அளவு இருந்தே தீர வேண்டும்.

புள்ளிக் கணக்கு

லீசெஸ் தளத்தில் மிகுதியாக நடப்பது 'அரீனா' வகைப் போட்டி. குறித்த நேரம் முடியும்வரை ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்த எதிராளி உடனே வந்து சேருவார். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்கு 0. தொடர்ந்து இரண்டு ஆட்டங்களை வென்றால் பெயருக்கு அருகில் ஒரு தீச்சுடர் தோன்றும். அதுமுதல் புள்ளிகள் இரட்டிப்பாகும். வெற்றிக்கு 4, சமனுக்கு 2. வெல்லத் தவறிய ஆட்டத்தோடு சுடர் அணைந்துவிடும். மேலும், தொடக்கத்திலேயே தன் நேரத்தில் பாதியைத் தானே துறந்து ஆடி வெல்பவருக்குக் கூடுதலாக ஒரு புள்ளி உண்டு. இதற்கு 'பெர்செர்க்' என்று பெயர். கற்றுக்குட்டிகள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம்.

இம்முறையில் தோல்வியைவிட, தோல்விக்குப்பின் சோர்ந்து அமர்வதே பெரிய இழப்பு என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஆறு ஆட்டங்களில் மூன்று வெற்றி பெற்ற இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒன்றுவிட்டு ஒன்று வென்றார். அவருக்கு 6 புள்ளி. மற்றவர் மூன்றையும் தொடர்ச்சியாக வென்றார்; அவருக்கு 2 + 2 + 4 = 8 புள்ளி. வெற்றியின் எண்ணிக்கை ஒன்றே; வரிசையால் வேறுபாடு வந்தது.

தரக் கணக்கு

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தரப்புள்ளி ஒன்று உண்டு. இதனை வகுத்தவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய அர்பாட் ஈலோ. ஃபிடே 1970இல் இம்முறையை ஏற்றுக்கொண்டது. நம் நிகழ்தகவுப் பாடத்தின் அழகான எடுத்துக்காட்டு இது எனின் மிகையாகாது.

எதிராளி நம்மைவிட எத்தனை புள்ளி உயர்ந்தவரோ, அந்த வேறுபாட்டை 400ஆல் வகுக்க வேண்டும். வந்த ஈவை 10இன் அடுக்காக்கி, அதனோடு 1ஐக் கூட்டி, அந்தத் தொகையால் 1ஐ வகுக்க வேண்டும். கிடைப்பதே நம்முடைய எதிர்பார்ப்பு மதிப்பு. வேறுபாடு 200 எனில், 10இன் அரை அடுக்கு 3.16, ஒன்று கூட்ட 4.16, எதிர்பார்ப்பு 0.24. அதாவது நூறு ஆட்டம் ஆடினால் சராசரியாக 24 புள்ளி நமக்குக் கிடைக்கலாம். வேறுபாடு 400 எனில் எதிர்பார்ப்பு பதினொன்றில் ஒன்று, அதாவது 0.09.

ஆட்டம் முடிந்தபின், நாம் பெற்றதிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்து, ஒரு குறித்த எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண் 20 என்று கொள்வோம். 200 புள்ளி உயர்ந்தவரை வென்றால் 20 × (1 – 0.24) = 15.2 கூடும். சமன் செய்தால் 20 × (0.5 – 0.24) = 5.2 கூடும். தோற்றால் குறைவது 4.8 மட்டுமே. இதன் பொருள் யாது? வலியவரோடு மோதித் தோற்பதில் இழப்பு மிகக் குறைவு. வென்றாலோ ஆதாயம் பெரிது. நம்மினும் எளியவரையே தேடிப் பிடித்து ஆடுபவரின் நிலை இதற்கு நேர்மாறு. கல்லூரிக்கு முதன்முதல் வந்த என்னைப் போன்றோருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு ஆறுதல் தருகிறது என்பதை நண்பர்கள் உணர்வார்கள்.

லீசெஸ் தளத்தில் ஈலோ முறையின் வளர்ச்சியான, மார்க் கிளிக்மன் வகுத்த 'கிளிக்கோ-2' முறை வழங்குகிறது. தரப்புள்ளியோடு, அது எவ்வளவு உறுதியானது என்னும் அளவையும் இம்முறை கணக்கில் கொள்ளும். புதியவருக்கு 1500 என்று தொடங்கி, அருகில் ஒரு கேள்விக்குறியையும் இடுவார்கள். தொடக்கத்தில் ஏற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும். முதல் வாரத்திலேயே நான் 1100க்குச் சரிந்தேன். அஞ்ச வேண்டியதில்லை, அது வீழ்ச்சியன்று, அளவெடுப்பு.

நான் கலந்துகொண்ட போட்டி

சென்ற பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுற்றுவட்டாரக் கல்லூரி மாணவர் சிலர் கூடி லீசெஸ் தளத்தில் ஓர் அரீனா நடத்தினர். பள்ளி மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். மாலை ஏழு மணி முதல் எட்டரை மணி வரை, 5+0 ஆட்டங்கள். முதல் மூவருக்குப் பரிசு, போட்டிகளில் பயன்படும் சுருட்டுப் பலகையும் காய்களும். பரிசின் பெயரைக் கேட்டதுமே என் உள்ளம் அதில் ஒட்டிக்கொண்டது. வாழ்நாளில் உண்மையான ராஜா ஒன்று எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

அன்று பிற்பகலே என் டேட்டா தீர்ந்துவிட்டது. அண்டைத் தெரு நண்பன் ஒருவன் தன் செல்போனிலிருந்து ஹாட்ஸ்பாட் தந்து என்னருகே அமர்ந்தான். முதல் ஆட்டம் தோல்வி. அடுத்த மூன்றும் வெற்றி. ஐந்தாவது சமன். ஆறாவது ஆட்டத்தின் நடுவே, குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டுத் தந்தையார் தொழிற்சாலை வாயிலிலிருந்து பேசினார். பேசி முடிப்பதற்குள் என் நேரம் முடிந்தது. ஏழாவதும் எட்டாவதும் வெற்றி. அதுவரை என் கணக்கு: 0 + 2 + 2 + 4 + 2 + 0 + 2 + 2 = 14. மீண்டும் சுடர் எரிந்தது. இன்னும் ஓர் ஆட்டத்துக்கே நேரம் இருந்தது. வென்றால் 18, பரிசு கைக்கு எட்டும்.

எதிராளி பத்தாம் வகுப்பு மாணவன். என்னைவிட ஏறக்குறைய இருநூறு புள்ளி உயர்ந்தவன். மேலே போட்ட கணக்கின்படி என் எதிர்பார்ப்பு 0.24. ஆட்டத்தின் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தேன். நண்பன் தன் செல்போனில் ஸ்டாக்ஃபிஷ் என்னும் கணினி நிரலைத் திறந்து, காய்களின் நிலையைப் பதித்து, "ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுடா" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தள்ளினேன். ஏன் தள்ளுகிறேன் என்று எனக்குத் தெரியாது. ஆறு நகர்த்தல்கள் கழித்து அந்த மாணவனின் மந்திரி போக்கிடமின்றி என் சிப்பாய்களிடம் சிக்கிக்கொண்டது. வென்றேன். 18 புள்ளி, மூன்றாம் இடம்.

ஆட்டம் முடிந்த உடனே அவனிடமிருந்து செய்தி வந்தது. "சூப்பர் அண்ணா. அந்த ஓரச் சிப்பாய் மூவ் எப்படிப் பார்த்தீங்க? எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

தோற்றதற்காக அவன் கோபித்திருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிராது. அவன் பாடம் கேட்டான். கற்றுத்தர என்னிடம் ஒன்றும் இல்லை. விடையை மட்டும் பார்த்து எழுதியவன், படிகளைக் காட்டச் சொன்னால் எங்கே போவான்? பதில் எழுதாமல் செல்போனை அணைத்துவிட்டேன்.

நேர்மை என்னும் நான்காம் கணக்கு

இந்தச் சோதனை எனக்கு மட்டும் வந்ததன்று. 2021 ஜூன் மாதம் கொரோனா நிவாரண நிதிக்காக ஆனந்த் ஒரே நேரத்தில் பிரமுகர் பலரோடு இணையவழியில் ஆடினார். அதில் தொழிலதிபர் ஒருவர் ஆனந்தை வென்றுவிட்டார். அடுத்த நாளே, கணினியின் துணையோடு ஆடியதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 1997இல் டீப் புளூ என்னும் கணினி காஸ்பரோவையே 3½–2½ என்று வென்றுவிட்டது. இன்று நம் சட்டைப் பைக்குள் இருக்கும் நிரல் உலக வாகையரினும் வலியது. அதன் துணையோடு வெல்வது, ஓட்டப் பந்தயத்தில் மோட்டார் சைக்கிளில் போவதற்கு ஒப்பாகும்.

இதனைப் பிடிக்கவும் வழிகள் உண்டு. ஒருவரின் நகர்த்தல்கள் நிரலின் தேர்வோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன, அவருடைய தரத்துக்கு அது பொருந்துமா, எளிய நகர்த்தலுக்கும் கடினமான நகர்த்தலுக்கும் அவர் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்கிறாரா என்றெல்லாம் புள்ளியியல் முறையில் ஆராய்கின்றனர். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்துக் கணினிப் பேராசிரியர் கென்னத் ரீகன் இத்துறையில் பெயர் பெற்றவர். ஆயினும் புள்ளியியலுக்குப் பல தரவுகள் வேண்டும். ஒரே ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு நகர்த்தலை எந்தச் சூத்திரமும் எளிதில் பிடித்துவிடாது. கணிதம் படிக்கும் எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இரண்டாம் ஷிப்டு முடித்து நள்ளிரவில் அக்காள் வந்தார். நான் விழித்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். சொன்னேன். அவருக்குச் சதுரங்கம் தெரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னது இதுதான்:

"எங்க லைன்ல ஒவ்வொரு பீஸ் முடிச்சதும் நம்ம நம்பரைப் போடணும்டா. ஸ்க்ரூ சரியா முறுக்கலைன்னாலும் அன்னைக்கு யாரும் பார்க்க மாட்டாங்க. பீஸ் போயிடும். ஆனா நம்ம நம்பர் அதுலயே இருக்கும். எப்பத் திரும்பி வரும்னு தெரியாது. அதுக்குப் பயந்தே சரியா முறுக்கிடுவேன். உன் நம்பர் அந்த ஆட்டத்துல இருக்குல்ல?"

இருந்தது. லீசெஸ் தளத்தில் ஆடிய ஒவ்வோர் ஆட்டமும் பெயரோடும் நாளோடும் பதிவாகி நிற்கும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அந்த ஓரச் சிப்பாயும் அங்கேதான் நிற்கிறது.

மறுநாள் காலை போட்டி நடத்திய மாணவருக்கு நடந்ததை எழுதினேன். அந்த ஆட்டத்தின் 4 புள்ளிகளை நீக்கினார்கள். 14 புள்ளியோடு ஏழாம் இடத்துக்கு இறங்கினேன். நான்காம் இடத்தில் இருந்த வாலாஜாபாத் பக்கத்து மாணவி ஒருவருக்குப் பலகை சென்றது. நண்பனுக்கு என்மேல் வருத்தம். இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. "யாருக்குத் தெரியப்போகுது, இதைப்போய்ச் சொல்லணுமா?" என்று கேட்டான். அவன்மேல் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவன் காட்டினான், தள்ளியது என் விரல்.

அந்தப் பள்ளி மாணவனுக்கும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது: "பரவாயில்லை அண்ணா. இன்னொரு கேம் ஆடலாமா?" ஆடினோம். இருபத்தாறாவது நகர்த்தலில் தோற்றேன். கணக்குப்படி எனக்கு இழப்பு ஐந்து புள்ளிக்கும் குறைவு. எங்கே தவறினேன் என்று அவன் எனக்குச் சொல்லித் தந்தான்.

கற்றுக்குட்டிகளுக்குச் சில யோசனைகள்

1. போட்டி நாளில் செல்போன் அழைப்புகளை நிறுத்தி வையுங்கள். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்ணீர்க் குழாயையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

2. தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்வதைவிட இறுதியாட்டங்களைப் பழகுங்கள். ஒரு ராஜாவும் ஒரு சிப்பாயும் எதிரே ஒரு ராஜாவும் இருக்கும் நிலையை அறிந்தவன், ஐந்து நிமிட ஆட்டத்தில் பல புள்ளிகளைக் காப்பாற்றுவான்.

3. தோற்ற ஆட்டத்தை முதலில் நீங்களே திரும்ப ஆடிப் பாருங்கள். உங்கள் தவறென்று நீங்கள் கருதுவதை ஒரு தாளில் எழுதுங்கள். அதன்பின்பே நிரலைத் திறந்து ஒப்பிடுங்கள். ஆட்டத்துக்குப் பின் அந்த நிரல் நல்லாசிரியர்; ஆட்டத்தின்போது அதுவே திருட்டுத் துணை.

4. தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். கோபத்தோடு ஆடும் நான்காவது ஆட்டமும் பெரும்பாலும் தோல்வியே.

5. இரவெல்லாம் ஆடாதீர்கள். அடுத்த ஆட்டம் எப்போதும் ஒரு பொத்தான் தொலைவிலேயே இருக்கும். தேர்வு நாளோ தள்ளிப் போகாது.

முடிவுரை

ஒரு பழங்கதை உண்டு. சதுரங்கத்தைக் கண்டவனிடம் வேண்டியதைக் கேள் என்றானாம் அரசன். முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என இரட்டித்துத் தருக என்றானாம் அவன். அரசன் சிரித்தானாம். கணக்குப் போட்டால் மொத்தம் 18,446,744,073,709,551,615 மணிகள். எந்தக் களஞ்சியத்திலும் அவ்வளவு நெல் இல்லை. ஒரு மணியில் தொடங்குவது எங்கே போய் நிற்கும் என்பதைக் காட்டும் கதை இது. கற்கத் தொடங்குபவனுக்கு இது நம்பிக்கை தரும். தவறத் தொடங்குபவனுக்கு எச்சரிக்கை தரும்.

எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து படிக்க வரும் மாணவர்கள் பலருக்கு வழிகாட்ட வீட்டில் ஆளில்லை. சதுரங்கத்திற்குப் பயிற்சியாளர் வைத்துக்கொள்ளவும் வசதியில்லை. ஆயினும் கையில் ஒரு செல்போன் இருக்கிறது. அதில் உலகமே எதிரில் அமர்ந்து ஆடக் காத்திருக்கிறது. அந்த வாய்ப்பை நாம் நழுவவிடலாகாது. தோல்விக்கு அஞ்சாமல் நம்மினும் வலியவரோடு ஆடுவோம். ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் நம் எண் பதிந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்து ஆடுவோம்.

இக்கட்டுரை எழுதும் இந்நாளில் என் தரப்புள்ளி 1438. அந்தப் பள்ளி மாணவன் 1700ஐக் கடந்துவிட்டான். ஞாயிறு தோறும் மாலையில் நாங்கள் ஆடுகிறோம். ஆர்வமுள்ள நண்பர்கள் வகுப்பில் என்னை அணுகலாம். மதிய இடைவேளையில் ஆட விரும்புவோருக்கு அட்டைப் பலகையும் ஸ்பார்க் பிளக் ராஜாவும் அணியமாக உள்ளன.